நிருபர் திறந்து படிக்கும் ஊடக அறிக்கை: மட்டக்களப்பு, அம்பாறை அமைப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம் என்று எதை எடுத்தாலும் பத்திரிகைக்கு எழுதும் வேலை கடைசியில் செயலாளரிடம்தான் வந்து சேரும். அவர் இரவிரவாக இரண்டு பக்கம் எழுதி, இருபது பேருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த நாள் பத்திரிகையைப் புரட்டினால் ஒரு வரியும் இருக்காது. அறிக்கை மோசமாக இருந்தது என்பதைவிட, அதைத் திறந்த நிருபருக்கு அதைச் செய்தியாக்க நேரம் இருக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

உங்கள் அறிக்கையை முதலில் படிப்பவர் கொழும்பிலுள்ள ஆசிரியர் அல்ல. களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கும் பிரதேச நிருபர்தான். பலர் இதைப் பகுதி நேரமாகச் செய்கிறார்கள்; பகலில் வேறு தொழில். பஸ்ஸில் போகும்போது போனில் திறந்து பார்த்து, அனுப்பலாமா விடலாமா என்று அரை நிமிடத்தில் முடிவெடுக்கிறார். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். எழுதி முடித்த பிறகு தகவல் தேடுவதும், அனுப்பிய பிறகு அனுமதி கேட்பதும்தான் புதியவர்களை அதிகம் சறுக்க வைக்கின்றன.

1. இது செய்தியா, நிகழ்வா?

எழுத உட்காரும் முன் ஒரே கேள்விக்கு விடை எழுதுங்கள்: இதனால் யாருக்கு என்ன மாறுகிறது? விடை ஒரு வசனத்தில் வந்தால் அதுதான் செய்தி. "கூட்டம் நடந்தது", "பொதிகள் வழங்கப்பட்டன", "நினைவுச்சின்னம் கையளிக்கப்பட்டது" என்று மட்டுமே வந்தால் அது நிகழ்வு. அதைச் சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தில் போட்டால் போதும்.

நிகழ்வுக்குள் செய்தி ஒளிந்திருப்பதும் உண்டு. தையல் இயந்திரம் வழங்கினீர்கள் என்பதைவிட, போன வருடம் வாங்கிய பத்துப் பேரில் எத்தனை பேர் இன்றும் தைத்து உழைக்கிறார்கள் என்பது செய்தி. வருடாந்தப் பொதுக்கூட்டம் செய்தியல்ல. அந்தக் கூட்டத்தில் சிறுகண்ணி வலையை வாவியில் இனிப் பாவிப்பதில்லை என்று மீனவர்கள் எடுத்த முடிவு செய்தி.

வாரத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பும் சங்கத்தின் பெயரைப் பார்த்ததுமே நிருபர் கடந்துபோகப் பழகிவிடுவார். சொல்ல விடயம் உள்ளபோது மட்டும் அனுப்புங்கள். வருடத்தில் நாலைந்து அறிக்கை ஒரு சிறிய அமைப்புக்குத் தாராளம்.

2. எழுதும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு தாளில் இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்று விடுபட்டால் நிருபர் உங்களுக்குப் போன் எடுக்க வேண்டிவரும். பலர் எடுக்க மாட்டார்கள். அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள்.

பெயர்கள்: ஒவ்வொருவருடைய முழுப்பெயர், முதலெழுத்து, பதவி. அவரிடமே கேட்டு எழுதுங்கள். தமிழில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் இன்னொரு விதமாகவும் எழுதுகிறவர்கள் நிறைய. இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாங்கி வையுங்கள். ஆங்கில, சிங்கள ஊடகங்களுக்கு அனுப்பும்போது கைகொடுக்கும்.

இடம்: ஊர், பிரதேச செயலாளர் பிரிவு, மாவட்டம் மூன்றும் வேண்டும். "புதுக்குடியிருப்பு" என்று மட்டும் எழுதினால் கொழும்பில் இருப்பவருக்கு முல்லைத்தீவுதான் நினைவுக்கு வரும். மண்முனைப்பற்றிலும் ஒரு புதுக்குடியிருப்பு இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. பிரிவின் பெயரை அரச ஆவணத்தில் உள்ளபடியே எழுதுங்கள். நம் மாவட்டங்களில் எல்லை சில இடங்களில் உணர்ச்சிபூர்வமான விடயம். உங்கள் செய்தி கிணறு பற்றியதாக இருக்க, வாசகர்கள் எல்லை பற்றிச் சண்டை பிடிக்கத் தொடங்கிவிடக் கூடாது.

எண்கள்: எத்தனை குடும்பம், எவ்வளவு பணம், யார் கொடுத்த பணம், எத்தனை நாள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதை யார் சொன்னார் என்று எழுதுங்கள்: கிராம உத்தியோகத்தரா, பொதுச் சுகாதாரப் பரிசோதகரா, சங்கத்தின் சொந்தக் கணக்கெடுப்பா? "நூற்றுக்கணக்கான", "ஏராளமான" என்பவை நிருபருக்கு எந்த உதவியும் செய்யாத சொற்கள்.

அரச அலுவலகத்தின் புள்ளிவிபரம் தேவையானால் முன்கூட்டியே கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தால், தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவெடுக்க வேண்டும். அந்த நாட்களையும் உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி: யாருடைய சொல்லையும் படத்தையும் போடப் போகிறீர்களோ அவரிடம் முதலே கேட்க வேண்டும். அரச உத்தியோகத்தர் என்றால் கூடுதல் கவனம். தாபன விதிக் கோவை, அரச ஊழியர் ஊடகங்களுக்குத் தகவல் வெளியிடுவதைக் கட்டுப்படுத்துகிறது. கூட்டத்தில் அவர் நட்பாகச் சொன்ன ஒரு வசனத்தை நீங்கள் மேற்கோளாக்கி அனுப்பிவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் போவது அவருக்குத்தான். அடுத்த முறை உங்கள் கூட்டத்துக்கு அவர் வரவும் மாட்டார்.

3. குறை சொல்லும் அறிக்கையென்றால்

வீதி உடைந்து கிடக்கிறது, வடிகான் அடைபட்டிருக்கிறது, ஒப்பந்தக்காரர் வேலையைப் பாதியில் விட்டார் என்பவையெல்லாம் நல்ல செய்திகள். ஆனால் ஆதாரமில்லாத ஒரு சொல் அறிக்கை முழுவதையும் குப்பைக்கு அனுப்பிவிடும். இலங்கையில் அவதூறு 2002 முதல் குற்றவியல் குற்றமல்ல என்றாலும், சிவில் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கலாம். "ஊழல்", "திருட்டு" என்ற சொற்களைப் பார்த்ததும் ஆசிரியபீடம் பின்வாங்குவது இதனால்தான்.

நடந்ததை நாளோடு எழுதுங்கள்: எந்தத் திகதியில் எந்த அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது அல்லது வரவில்லை. கடிதத்தின் படத்தை இணையுங்கள். அதோடு, அந்தத் தரப்பிடம் நீங்கள் விளக்கம் கேட்டதையும் அவர்கள் சொன்னதையும் ஒரு வரியில் சேருங்கள். மறுதரப்பின் கருத்து இல்லாமல் பொறுப்புள்ள பத்திரிகை இதைப் போடாது. அந்த ஒரு வரி நிருபருக்கு ஒரு நாள் வேலையைக் குறைக்கும்.

சம்பவத்தில் தொடர்புபட்டவர்களின் இனத்தையோ மதத்தையோ, செய்திக்கு அது உண்மையில் தேவையானால் தவிர, எழுத வேண்டாம். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழும் மக்களிடையே ஒரு சொல் என்ன செய்யும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

4. யாருக்கு அனுப்புவது: இரண்டு வாரப் பத்திரிகை வேலை

கைமாறிக் கைமாறி வந்த பழைய மின்னஞ்சல் பட்டியலை நம்ப வேண்டாம். பாதி முகவரி செத்திருக்கும். மீதியில் சிலர் தொழிலையே விட்டிருப்பார்கள். பட்டியலை நீங்களே உருவாக்குங்கள்.

வீரகேசரி, தினகரன், தமிழ் மிரர் போன்ற நாளிதழ்களில் எது உங்கள் ஊரில் அதிகம் வாசிக்கப்படுகிறதோ அதைத் தொடர்ந்து இரண்டு வாரம் வாங்குங்கள். கிழக்குச் செய்திகளின் மேலே அடைப்புக்குறிக்குள் நிருபரின் பெயரோ ஊரோ இருக்கும். யார் எந்தப் பிரதேசத்தை எழுதுகிறார், கல்விச் செய்தியா, விவசாயமா, விளையாட்டா, யார் எதில் கைதேர்ந்தவர் என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். இரண்டு வாரத்தில் எட்டுப் பத்துப் பெயர் சேரும். வானொலி, தொலைக்காட்சிக்கும் இப்படியே கேட்டுப் பார்த்துக் குறியுங்கள்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். மட்டக்களப்பு நகரிலிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். பொத்துவில் செய்திக்கு மட்டக்களப்பு நகர நிருபரை எதிர்பார்ப்பதில் பயனில்லை. அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கம் இருப்பவரைப் பிடியுங்கள். அம்பாறை நகரில் பெரும்பாலான நிருபர்கள் சிங்களத்தில் எழுதுகிறவர்கள். மாவட்டச் செயலகம் வரை எட்ட வேண்டிய விடயமென்றால் அவர்களுக்குச் சிங்களத்திலேயே ஒரு பக்கம் தயாரியுங்கள். சொந்தமாக எழுதத் தெரியாவிட்டால் அம்மொழியை நாளாந்தம் பாவிக்கும் ஒருவரிடம் கொடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே அனுப்பினால் பெயர்களும் பதவிகளும் உருமாறிப் போகும்.

பட்டியல் பதினைந்து பேரைத் தாண்டத் தேவையில்லை.

5. தலைப்பும் முதல் பந்தியும்

நிருபர் எடுக்கும் முடிவில் முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிடுகிறது. ஆகவே நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். இப்படியொரு முதல் பந்தியை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள்:

"வெள்ள அனர்த்தத்தினால் பாதிக்கப்பட்ட மக்களின் நலன்கருதி முன்னெடுக்கப்படும் கிணறு சுத்திகரிப்பு வேலைத்திட்டத்தின் அங்குரார்ப்பண நிகழ்வு மாதர் சங்கத் தலைவியின் தலைமையில் பல்தேவைக் கட்டடத்தில் மிகச் சிறப்பாக இடம்பெற்றது. இந்நிகழ்வில் பிரதம அதிதியாக பிரதேச செயலாளரும் கௌரவ அதிதிகளாக உதவிப் பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர், ஆலய பரிபாலன சபையினர் ஆகியோரும் கலந்து சிறப்பித்தனர்."

இத்தனை சொல்லிலும் எத்தனை கிணறு, யாருடைய கிணறு, ஏன் இப்போது என்பது ஒன்றும் இல்லை. நிருபர் இதைச் செய்தியாக்க வேண்டுமானால் உங்களுக்கு எடுத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். அதே விடயத்தை எடுத்துக்காட்டுக்காக இப்படி எழுதிப் பார்க்கலாம் (எண்கள் மாதிரிக்கு மட்டும்):

"வெள்ளத்தில் மூழ்கிய 62 கிணறுகளை இறைத்துக் குளோரின் இடும் பணியைப் படுவான்கரைக் கிராமமொன்றின் மாதர் சங்கம் ஞாயிற்றுக்கிழமை (12) தொடங்கியுள்ளது. இக்கிணறுகளின் நீரைக் குடிக்க முடியாததால் 180 குடும்பங்கள் ஆறு வாரங்களாகப் பவுசர் நீரையே நம்பியிருக்கின்றன."

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்ற ஐந்தும் இரண்டு வசனத்தில் வந்துவிட்டன. இந்த இரண்டு வசனத்தை மட்டும் வெட்டிப் போட்டாலும் செய்தி நிற்கும். பக்கத்தில் இடம் குறைந்தால் கீழிருந்துதான் வெட்டுவார்கள். அதனால் முக்கியமானது மேலேயே இருக்க வேண்டும்.

திகதியைக் கவனியுங்கள். "இன்று", "நேற்று" என்று எழுதினால் அச்சில் வரும் நாளில் பிழையாகிவிடும். நம் பத்திரிகைகள் எழுதுவதுபோல் கிழமையும் அடைப்புக்குறிக்குள் திகதியும் போடுங்கள். நிருபர் மாற்ற வேண்டியதில்லை.

அதிதிகளை என்ன செய்வது? இதில்தான் சங்கங்களுக்குள் சச்சரவு வரும். வந்தவரின் பெயரை விட்டால் அவர் கோபிப்பார் என்று பயந்து பெயர்ப் பட்டியலை மேலே போடுகிறார்கள். பட்டியலைக் கடைசிப் பந்திக்குக் கொண்டுபோங்கள். தீர்மானம் எடுத்தவர், பணம் ஒதுக்கியவர், வேலையைச் செய்தவர் மட்டும் மேலே வரட்டும். எல்லாப் பெயரோடும் ஒரு நன்றிப் பதிவைப் பேஸ்புக்கில் போட்டால் மரியாதையும் காப்பாற்றப்படும், செய்தியும் தப்பும்.

தலைப்பு ஆறு முதல் ஒன்பது சொல். வினை இருக்க வேண்டும்: "வெள்ளம் மூடிய 62 கிணறுகளைச் சுத்தம் செய்யும் பெண்கள்". "கிணறு சுத்திகரிப்பு அங்குரார்ப்பண நிகழ்வு" என்பது அழைப்பிதழின் தலைப்பு. தலைப்பைக் கடைசியில் எழுதுங்கள். முதல் பந்தி சரியாக வந்த பிறகு தலைப்பு தானாகவே அதிலிருந்து வந்துவிடும்.

6. மீதிப் பந்திகள்

இரண்டாம் பந்தியில் பின்னணி: வெள்ளம் எப்போது வந்தது, யார் பரிசோதித்தார், என்ன சொன்னார். மூன்றாவதில் வேலை எப்படி நடக்கிறது: நாளுக்கு எத்தனை கிணறு, எத்தனை பேர், எந்த இயந்திரம், செலவு யாருடையது. அதன்பின் மேற்கோள். கடைசியில் அடுத்து என்ன, எப்போது முடியும், இன்னும் என்ன தேவை. மொத்தம் 250 முதல் 350 சொல். ஒரு பக்கத்தைத் தாண்டினால் வெட்டுங்கள்.

"மிகச் சிறப்பாக", "வெகு விமரிசையாக", "பெருந்தகை", "அயராத உழைப்பினால்" போன்ற சொற்களை எழுதி முடித்ததும் தேடித் தேடி எடுத்துவிடுங்கள். ஆசிரியர் எப்படியும் வெட்டுவார். அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கும் அறிக்கை வரிசையில் பின்னால் போய்விடும்.

சுருக்கப் பெயர் போடுவதென்றால் முதல் தடவை முழுப்பெயரை எழுதுங்கள். உங்கள் சங்கத்தின் மூன்றெழுத்துச் சுருக்கம் அடுத்த ஊரில் யாருக்கும் தெரியாது.

7. மேற்கோள்: தலைவர் மட்டும் பேச வேண்டியதில்லை

"இவ்வேலைத்திட்டத்தை முன்னெடுப்பதில் பெருமகிழ்ச்சியடைகிறோம்" என்று எந்தத் தலைவரும் வாயால் சொல்வதில்லை, செயலாளர்தான் எழுதுகிறார். நிருபருக்கு அது தெரியும். அதனால் அதை எடுக்க மாட்டார்.

விடயத்தால் பாதிக்கப்பட்டவரிடம் போய்க் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டுக்கு ஒரு தாய் இப்படிச் சொல்லலாம்: "காலம்பற ஏழு மணிக்கு பவுசர் வரும். பிள்ளையளும் வாளியோட வரிசையிலதான். முதலாம் பாடம் முடிஞ்ச பிறகுதான் பள்ளிக்கூடம் போகுதுகள்." வாளியும் முதலாம் பாடமும் வந்ததும் வாசகர் அந்த வரிசையில் தானும் நிற்பார். எண்ணும் தீர்மானமும் தலைவரின் மேற்கோளில் வரட்டும். அனுபவம் மக்களின் மேற்கோளில். இரண்டு மேற்கோள் போதும்.

எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அச்சில் வந்த பிறகு "நான் அப்படிச் சொல்லல்ல" என்று ஒருவர் சொன்னால் நிருபரின் பெயரும் கெடும்.

8. படம்

மூன்று படம் போதும். ஒன்று வேலை நடப்பது: சேற்றுத் தண்ணீர் இறைக்கும் பம்பி, கயிற்றைப் பிடித்திருக்கும் கை, எட்டிப் பார்க்கும் முகம். ஒன்று மேற்கோள் சொன்னவர் தன் கிணற்றடியில். மூன்றாவது இடத்தின் பரந்த காட்சி. பெனருக்கு முன் வரிசையாக நின்று கமராவைப் பார்க்கும் படமும், பொதியின் ஒரு முனையை ஐந்து பேர் பிடித்திருக்கும் படமும் எல்லா ஊரிலிருந்தும் வந்து குவிகின்றன. பொதி வாங்குபவரின் முகத்தைக் காட்டும் படத்தை வேண்டாம் என்றே சொல்வேன். உதவி பெற்றதற்காக ஒருவர் ஊரறிய நிற்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் படமென்றால் பெற்றோரின் சம்மதம் கட்டாயம்.

போனைப் படுக்கை வாட்டில் பிடித்து எடுங்கள். திகதி முத்திரை, சங்க இலச்சினை, பூச்சட்டம் எதுவும் படத்தின்மேல் வேண்டாம். அச்சில் அவற்றை நீக்க முடியாது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறையும். இணைக்கும் குறியை அழுத்தி "டொக்கியுமென்ட்" ஆக அனுப்பினால் எடுத்த அளவிலேயே போகும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். ஆட்கள் தெரிந்தால் "இடமிருந்து வலமாக" என்று பெயர். கோப்பின் பெயரையும் மாற்றுங்கள்: "கிணறு1", "கிணறு2" என்று. கமரா கொடுத்த நீண்ட எண்ணோடு வந்த படம் ஆசிரியபீடத்தில் நூறு படங்களுக்குள் தொலைந்துபோகும்.

தொலைக்காட்சிக்கு வீடியோ என்றால் ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடி அசையாமல் எடுங்கள். பாட்டுச் சேர்க்க வேண்டாம். வானொலிக்கு முப்பது விநாடிக் குரல்பதிவு ஒன்று போதும். மின்விசிறியை நிறுத்தி, கடற்காற்று இல்லாத அறைக்குள் பதியுங்கள்.

9. எழுத்துரு: அதிகம் பேர் விழும் குழி

நம் அலுவலகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் இன்னும் பாமினி எழுத்துரு பாவனையில் இருக்கிறது. உங்கள் கணினியில் அது அழகான தமிழ். அதே கோப்பை நிருபர் போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல். அவர் கணினி தேடிப் போய்த் திறக்கமாட்டார். நல்ல செய்திகள் எத்தனையோ இந்த ஒரே காரணத்தால் படிக்கப்படாமல் போகின்றன.

எந்தப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட்டில் தட்டச்சுச் செய்யுங்கள். ஏற்கெனவே பாமினியில் இருந்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறலாம், ஸ்ரீ, க்ஷ போன்றவை உடையலாம், இடையில் இருந்த ஆங்கிலச் சொல்லும் மின்னஞ்சல் முகவரியும் தமிழாக மாறி விளங்காமல் போகலாம்.

பிடிஎஃப் ஆக மட்டும் அனுப்புவது அடுத்த பிழை. அதிலிருந்து தமிழைப் பிரதி எடுத்தால் எழுத்துகள் சிதறும். நிருபர் திரும்பவும் தட்ட வேண்டிவரும். கடிதத் தலைப்பில் அடித்து, கையொப்பமிட்டு, படம் பிடித்து அனுப்புவதும் இதே கதைதான். கையொப்பம் உள்ள பிரதியை ஆதாரத்துக்கு இணைக்கலாம். ஆனால் பிரதி எடுத்து ஒட்டக்கூடிய எழுத்து அதோடு கட்டாயம் இருக்க வேண்டும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை: உங்கள் வீட்டில் வேறொருவரின் போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள்.

10. எப்போது அனுப்புவது

நாளிதழ்கள் கொழும்பில் அச்சாகி இரவோடிரவாக 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி இங்கே வருகின்றன. ஆகவே பக்கங்கள் நேரத்தோடு மூடப்படும். காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் அனுப்பினால் நிருபர் கேள்வி கேட்கவும் எழுதவும் நேரம் இருக்கும். அவரவர் கடைசி நேரத்தை ஒருமுறை கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இதழுக்கென்றால் வாரத்தின் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும்.

நடந்த அன்றே அனுப்புங்கள். மூன்று நாள் கழித்து வருவது பழைய செய்தி. தெரிந்த விடயங்களை வைத்து அறிக்கையை முதல் நாளே எழுதி வைத்து, நிகழ்வு முடிந்ததும் எண்ணையும் மேற்கோளையும் நிரப்பினால் ஒரு மணித்தியாலத்தில் அனுப்பிவிடலாம்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம், கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றம் போன்ற நாட்களில் நிருபர்கள் அங்கே நிற்பார்கள். தேர்தல் முடிவு, வரவுசெலவுத் திட்டம் வரும் நாட்களில் பக்கங்களில் இடமே இருக்காது. மழைக்காலத்தில் தாழமுக்க எச்சரிக்கை வந்துவிட்டால், வெள்ளத்தோடு தொடர்பில்லாத அறிக்கையை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

நிகழ்வுக்கு நிருபர் நேரில் வர வேண்டுமென்றால் அறிக்கை வேறு, ஊடக அழைப்பு வேறு. அழைப்பை நாலைந்து நாள் முன்பு அனுப்புங்கள்: என்ன, எங்கே, எத்தனை மணிக்கு, எதைப் படம் எடுக்கலாம், யாரோடு பேசலாம். 9 மணி என்று போட்டால் 9 மணிக்குத் தொடங்குங்கள். அதிதிக்காகப் பத்தரை வரை நிருபரைக் காக்க வைத்தால், அடுத்த தடவை படத்தை அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிடுவார்.

11. அனுப்பும் விதம்

மின்னஞ்சலின் பொருள் வரியில் தலைப்பையே போடுங்கள், முன்னால் ஊர்: "படுவான்கரை: வெள்ளம் மூடிய 62 கிணறுகளைச் சுத்தம் செய்யும் பெண்கள்". "ஊடக அறிக்கை" என்று மட்டும் போட்டால் அன்று வந்த இருபது "ஊடக அறிக்கை"களில் உங்களுடையதும் ஒன்று.

அறிக்கையை மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டுங்கள். வேர்ட் கோப்பையும் படங்களையும் இணையுங்கள். ஜிமெயிலில் ஒரு மின்னஞ்சலோடு 25 மெகாபைட் வரைதான் இணைத்து அனுப்பலாம். 10 மெகாபைட்டுக்குள் வைத்தால் போனில் இறக்குபவரின் டேட்டாவும் மிஞ்சும்.

எல்லா முகவரியையும் வெளியில் தெரியும்படி ஒரே மின்னஞ்சலில் போட வேண்டாம். ஒருவருடைய முகவரி இன்னொருவருக்குப் போய்விடும். அதோடு, எல்லோருக்கும் போனது என்று தெரிந்ததும் ஒவ்வொருவரும் மற்றவர் போடட்டும் என்று விட்டுவிடுவார்கள். பதினைந்து பேர்தானே, தனித்தனியாக அனுப்புங்கள். முதல் வரியில் பெயர் சொல்லி, அவருடைய பிரதேசத்துக்கு இது ஏன் பொருந்தும் என்று ஒரு வசனம் எழுதுங்கள்.

வட்ஸ்அப் குழுவில் போட்டதை அனுப்பியதாகக் கணக்கெடுக்க வேண்டாம். காலை வணக்கப் படங்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் இடையில் அது மேலே போய்விடும்.

அறிக்கையின் கீழே தொடர்புக்கு ஒருவருடைய பெயர், பதவி, கைத்தொலைபேசி. அன்று முழுவதும் எடுக்கக்கூடியவர், விடயம் முழுவதும் தெரிந்தவர் அவராக இருக்க வேண்டும். தலைவர் வயலுக்குப் போய்ப் போன் எடுக்காதவரென்றால் தலைவரின் எண்ணைப் போடாதீர்கள்.

12. ஒரு அழைப்பு, ஒரே ஒரு அழைப்பு

அனுப்பி இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து எடுங்கள். வெள்ளிக்கிழமை 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் முஸ்லிம் நிருபர்களுக்கு எடுக்க வேண்டாம், ஜும்ஆ நேரம். பேச்சு இவ்வளவுதான்:

"வணக்கம் அண்ணன், மாதர் சங்கத்தில இருந்து பேசுறன். காலம்பற கிணறு சம்பந்தமா ஒரு மெயில் போட்டனான். படம் திறக்குதா? வேற ஏதும் விபரம் தேவையெண்டா நான் இண்டைக்கு முழுக்க போன்ல இருப்பன்."

காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ உள்ளவரென்றால் சலாம் சொல்லி, வயதுக்கேற்ப நானா (அண்ணன்), தம்பி என்று கூப்பிடுங்கள். "எப்ப போடுவீங்க?", "ஏன் போடல்ல?" என்று கேட்கக் கூடாது. போடுவது அவர் கையில் மட்டும் இல்லை. கொழும்பில் ஆசிரியபீடம் தீர்மானிக்கிறது. நாலு தரம் எடுத்தால் ஐந்தாம் தரம் உங்கள் எண்ணைப் பார்த்துப் போன் எடுக்க மாட்டார்.

கவருக்குள் பணம் வைத்துக் கொடுப்பதை அடியோடு தவிருங்கள். கொடுத்து வந்த செய்தி என்று பெயர் வந்தால் உங்கள் சங்கத்தின் உண்மையான செய்தியையும் யாரும் நம்ப மாட்டார்கள். நேர்மையான நிருபர் ஒதுங்கிவிடுவார். தூர இடத்துக்கு வர வாகனம் இல்லையென்றால் சங்கத்தின் வாகனத்தில் ஏற்றி இறக்குவது வேறு. எல்லோருக்கும் பொதுவாக முன்பே அறிவித்துச் செய்யுங்கள்.

13. வெளிவந்த பிறகு

வந்த செய்தியை வெட்டி, திகதியும் பத்திரிகையும் எழுதி ஒட்டி வையுங்கள். அதே கொப்பியில் யாருக்கு அனுப்பியது, யார் பதில் போட்டார், யார் செய்தியாகப் போட்டார் என்று மூன்று நிரல் போடுங்கள். நாலைந்து அறிக்கைக்குப் பிறகு, எந்த நிருபருக்கு எந்தவிதச் செய்தி பிடிக்கிறது என்று அந்தக் கொப்பியே காட்டும்.

பிழை வந்தால் முதலில் உங்கள் அறிக்கையைப் பாருங்கள். பிழை உங்களுடையதென்றால், பொருள் வரியில் "திருத்தம்" என்று போட்டு, பிழையான வரியையும் சரியான வரியையும் மட்டும் எழுதி, எல்லோருக்கும் உடனே அனுப்புங்கள். மன்னிப்புக் கடிதம் நீள வேண்டாம். பிழை அவர்களுடையதென்றால் நிருபரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். பேஸ்புக்கில் திட்ட வேண்டாம். தீராவிட்டால் ஆசிரியருக்கு எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது.

62 கிணறும் முடிந்த நாளில் அதே நிருபருக்கு நாலு வரி அனுப்புங்கள்: எத்தனை கிணறு குடிக்க உகந்ததென்று பரிசோதகர் சொன்னார், எத்தனை இன்னும் இல்லை, பவுசர் நின்றுவிட்டதா. தொடக்கத்தைப் போட்டவர் முடிவையும் போட விரும்புவார். இன்னும் குடிக்க உகந்ததாகாத கிணறுகளின் எண்ணிக்கையை மறைக்காமல் எழுதுங்கள். பெரும்பாலும் அடுத்த செய்தி அதிலிருந்துதான் வரும்.